அடுக்களையை எங்கிருந்து புதுப்பிப்பது?
நாஞ்சில் நாட்டு வீடுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

கன்னியாகுமரி மாவட்டத்தில் கடந்த சில பத்தாண்டுகளில் எழும்பிய கான்கிரீட் வீடுகள் பலவற்றில் இரண்டு அடுக்களைகள் உண்டு. முன்னால் இருப்பதில் கிரானைட் மேடை, கதவு போட்ட அலமாரிகள், மேலே புகை உறிஞ்சி எல்லாம் இருக்கும். விருந்தாளி கண்ணில் படுவது அது. அதன் பின்னால், புறக்கடையை ஒட்டித் தகரச் சாய்ப்பின் கீழ் 'ஒர்க் ஏரியா' என்று ஒன்று இருக்கும். தேங்காய் உடைப்பது, மீன் வெட்டுவது, சம்பா அரிசிச் சோறு வடிப்பது, மரச்சீனிக்கிழங்கு அவிப்பது எல்லாம் அங்கேதான். வீட்டுக்காரர் செலவழித்த பணத்தில் பெரும்பங்கு முன்னால் போயிருக்கும். வீட்டுப் பெண்களின் நாளில் பெரும்பங்கு பின்னால் கழியும்.

பெரிய செலவில்லாமல் அடுக்களையைப் புதுப்பிக்க நினைக்கும் குடும்பம் எதில் கை வைக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. வழக்கமாகச் சொல்லப்படும் யோசனைகள் அலமாரிக் கதவின் நிறத்திலும் சுவர் ஓடுகளிலும் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன. இரண்டு பருவமழை பெறும், கடற்காற்று வீசும், தினமும் தேங்காய் அரைக்கும் ஒரு நாட்டுக்கு அந்த வரிசை பொருந்தாது. வெளிச்சம், காற்று, உயரம், தண்ணீர், அடுக்கு, நிறம் என்ற வரிசையே சரி என்பது இக்கட்டுரையின் முடிபு. அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

தரையிலிருந்து மேடைக்கு

பழைய நாஞ்சில் வீட்டின் அடுக்களை உட்கார்ந்து வேலை செய்வதற்கானது. அடுப்பு தரையிலோ தாழ்வான திண்டிலோ இருக்கும். குரண்டி போட்டு அமர்ந்து அரிவாள்மனையில் காய் நறுக்கினார்கள். அம்மியில் அரைத்தார்கள், ஆட்டுரலில் ஆட்டினார்கள். பாத்திரம் கழுவ ஓரத்தில் அங்கணம் இருந்தது. பரணில் உருளியும் நிலவாயும், உத்தரத்தில் தொங்கும் உறியில் மோரும் கறியும் இருக்கும். கதம்பை, சிரட்டை, கொதும்பு, ஓலை எனத் தென்னையிலிருந்து விழுந்த எல்லாமே எரிபொருள்.

பெரிய அளவில் சமைப்பதற்கும் பரிமாறுவதற்கும் இந்த மண்ணில் எப்படி இடம் அமைத்தார்கள் என்பதைப் பத்மநாபபுரம் அரண்மனையின் ஊட்டுப்புரையில் இன்றும் பார்க்கலாம். ஒரே நேரத்தில் ஆயிரம் பேருக்கு மேல் அமர்ந்து உண்ணக்கூடிய நீண்ட கூடம் அது. ஊறுகாய் வைத்திருந்த பெரிய சீனப் பரணிகளும் அங்கே உள்ளன. வெயிலை மட்டுப்படுத்தி வெளிச்சத்தையும் காற்றையும் மட்டும் உள்ளே விடும் அழிகளும் மரச்சட்டச் சன்னல்களும் அரண்மனை முழுக்க உண்டு. ஈரமும் வெக்கையும் மிகுந்த நாட்டில் முதலில் கவனிக்க வேண்டியது காற்று என்பதை அந்தத் தச்சர்கள் அறிந்திருந்தார்கள்.

மாற்றம் வெளியிலிருந்து வந்தது. கோயம்புத்தூரில் பி. சபாபதி 1955இல் உருவாக்கிய மாவரைக்கும் எந்திரம் ஆட்டுரலின் இடத்தைப் பிடித்தது. 1965இல் இண்டேன் சமையல் எரிவாயு இந்தியச் சந்தைக்கு வந்தது. அடுத்த பத்தாண்டுகளில் ஊர் ஊராகப் பரவிய எரிவாயு அடுப்பு நம்மை எழுந்து நிற்க வைத்தது. 2006க்குப் பின் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பும், 2011 செப்டம்பர் 15 முதல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறியும் வழங்கியது. மிகச் சிறிய வீட்டின் அடுக்களைக்கும் இப்படி மூன்று மின்பொருள்கள் வந்து சேர்ந்தன. ஆனால் அவற்றை வைக்க மேடையும், செருகப் போதிய பிளக் பாயிண்டும், பார்த்து வேலை செய்ய வெளிச்சமும் கூடவே வரவில்லை. கருவிகள் நிற்கும் அடுக்களைக்குரியவை, கட்டடம் உட்காரும் அடுக்களைக்குரியது. இன்றைய சிரமங்களில் பெரும்பாலானவை இந்தப் பொருத்தமின்மையால் வந்தவை.

பிற நாடுகள் கண்ட வழி

இந்தக் கேள்வியை முறையாக ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி. 1926இல் அவர் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக வடிவமைத்த அடுக்களையின் அளவு ஏறத்தாழ 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர்தான். எந்த வேலைக்கு எத்தனை அடி நடக்க வேண்டியிருக்கிறது, எந்தப் பொருளுக்குக் கை எவ்வளவு நீள்கிறது என்று கணக்கிட்டு அமைத்தார். அவ்வாறு ஏறத்தாழ 10,000 அடுக்களைகள் கட்டப்பட்டன. சிறிய இடமும் நல்ல இடமாக இருக்க முடியும் என்று அது நிறுவியது. அதே வேளையில், ஒருவர் மட்டுமே நிற்கக்கூடிய அந்த ஒடுக்கம் பெண்ணைத் தனியாக அடைத்துவிட்டது என்ற விமர்சனமும் பின்னர் எழுந்தது. மாமியாரும் மருமகளும் சேர்ந்து வேலை செய்யும், விசேஷ நாளில் சித்தியும் மதினியும் வந்து கை கொடுக்கும் நம் வீடுகளுக்கு இந்த விமர்சனமும் முக்கியம்.

1940களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 'வேலை முக்கோணம்' என்ற கருத்து வடிவம் பெற்றது. அடுப்பு, தொட்டி, குளிர்பதனப் பெட்டி மூன்றையும் இணைக்கும் கோடுகளின் மொத்த நீளம் 13 அடிக்குக் குறையாமலும் 26 அடிக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்பது அது. நம் அடுக்களையில் நான்காவது முனை ஒன்று உண்டு: அரைக்கும் இடம். அவியலானாலும் தீயலானாலும் மீன்குழம்பானாலும் தேங்காய் அரைக்காமல் ஆகாது. மிக்சி கூடத்தில், அடுப்பு உள்ளே, தொட்டி சாய்ப்பில் என்று இருக்கும் வீட்டில் எத்தனை அழகான அலமாரி செய்தாலும் நடை குறையாது. மிக்சியை அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவே கொண்டுவந்து அருகில் ஒரு பிளக் பாயிண்ட் வைக்க எலெக்ட்ரீஷியனின் அரை நாள் வேலை போதும்.

செலவைக் குறைக்கும் கலையில் நமக்கு மிக அருகில் வாழ்ந்த ஆசான் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். 1917இல் இங்கிலாந்தில் பிறந்து, திருவனந்தபுரத்தில் குடியேறி, 2007இல் அங்கேயே மறைந்தவர். பத்மநாபபுரம் அரண்மனையை வியந்து போற்றியவர். இடித்த வீட்டின் கதவு, சன்னல், ஓடு, மரம் எதையும் வீணாக்காமல் திரும்பப் பயன்படுத்தினார். மேசை, அலமாரி, இருக்கைகளைச் சுவரோடு சேர்த்தே கட்டினார். பழைய வீட்டைப் பிரிக்கும்போது கிடைக்கும் அயினிப் பலகையும் தேக்குச் சட்டமும் புது பிளைவுட்டைவிட நெடுங்காலம் நிற்கும் என்பதால் அவருடைய வழி நம் ஊருக்கு அப்படியே பொருந்தும்.

வெளிச்சமும் காற்றும்

பெரும்பாலான அடுக்களைகளில் விளக்கு அறையின் நடுவே, சமைப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. நறுக்கும் பலகையில் அவருடைய நிழலே விழுகிறது. பழைய 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை 9 வாட் எல்இடி தந்துவிடும். மேல் அலமாரியின் அடியிலோ மேடைக்கு நேர் மேலே சுவரிலோ ஒரு எல்இடி பட்டை பொருத்தினால் அரிசியில் கல் தெரியும், மீனில் முள் தெரியும். சில நூறு ரூபாயில் முடியும் இந்த வேலையைத்தான் முதலில் செய்ய வேண்டும். ஓட்டு வீடாக இருந்தால் இன்னும் எளிது. நான்கைந்து ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு மாட்டினால் பகல் முழுக்க விளக்கே தேவைப்படாது.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு அடுக்களைக்குக் குறைந்தது 5 சதுர மீட்டர் பரப்பும், வெளியை நோக்கித் திறக்கும் 1 சதுர மீட்டர் சன்னலும் வேண்டும் என்கிறது. சன்னல் இருந்தும் அதை மறைத்து அலமாரி அடித்த வீடுகள் ஏராளம். அந்த அலமாரியை அகற்றுவதே ஒரு புதுப்பித்தல்தான். அதற்குச் செலவும் இல்லை.

காற்றைப் பொறுத்தவரை ஊருக்கு ஊர் கணக்கு மாறும். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் ஆனி, ஆடி மாதங்களில் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து அடித்து வீசும். முப்பந்தலில் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். அங்கே மேற்குச் சன்னலைத் திறந்தால் அடுப்பு அணையும். மேற்குச் சுவரில் எக்ஸாஸ்ட் விசிறி பொருத்தினால் வெளியேற்றிய புகையைக் காற்றே உள்ளே தள்ளும். அந்த ஊர்களில் விசிறி கிழக்குச் சுவரில், கூரைக்கு அருகில் இருக்க வேண்டும். சாதாரண அளவு அடுக்களைக்கு 9 அங்குல விசிறி தாராளம். அதற்கு எதிர்த் திசையில் காற்று உள்ளே வர வழி இருந்தால்தான் அது வேலை செய்யும். கதவு சன்னல் எல்லாம் அடைத்துவிட்டு விசிறியை மட்டும் ஓட்டுவதில் பயனில்லை.

மேடைக்குக் கீழே கதவு போட்டு எரிவாயு உருளையை மறைப்பது இப்போது பரவலாகிவிட்டது. இந்த எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும். ஆகவே அந்தக் கதவின் அடிப்பகுதியில் காற்றுத் துளைகள் கட்டாயம் வேண்டும். உருளை நிமிர்ந்தே நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ரப்பர் குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அழகுக்காக எதைச் செய்தாலும் இவற்றை விட்டுக்கொடுக்கக் கூடாது.

முதுகையும் தோளையும் காக்கும் உயரம்

மேடை உயரத்தைக் கொத்தனார் முடிவு செய்கிறார், அல்லது அடுத்த வீட்டைப் பார்த்து முடிவாகிறது. அங்கே தினமும் நிற்கப்போகிற பெண்ணை அளந்து முடிவு செய்வது அரிது. நின்று நறுக்க, மேடை முழங்கைக்கு 4 முதல் 6 அங்குலம் கீழே இருந்தால் முதுகு வளையாது, தோளும் தூக்காது. ஐந்தடி உயரமுள்ள பெண்ணுக்கு முழங்கை ஏறத்தாழ 38 அங்குலத்தில் இருக்கும். அப்படியானால் மேடை 32 முதல் 34 அங்குலம். அடுப்புக்கு இந்தக் கணக்கு ஆகாது. 32 அங்குல மேடையில் 6 அங்குல அடுப்பு, அதன்மேல் 8 அங்குலச் சருவம் என்றால் பாத்திரத்தின் வாய் 46 அங்குலத்துக்குப் போய்விடும். துவரன் கிளறவும் சோறு கிண்டவும் கையைத் தோளுக்கு மேல் தூக்க நேர்கிறது. பல பெண்களின் தோள்வலிக்கு இதுவும் ஒரு காரணம்.

மேடையை இடிக்காமலே இதைச் சரிசெய்யலாம். அடுப்பின் முன்னால் 4 அங்குல உயரத்தில் அகலமான, வழுக்காத மரப்பலகை ஒன்றை நிலையாகப் போட்டால் போதும். மேடை முழுக்க நீளும் அளவுக்குப் பலகை இருந்தால் கால் தவறாது. புதிதாகக் கட்டுபவர்கள் அடுப்பு வைக்கும் பகுதியை மட்டும் 6 அங்குலம் தாழ்த்திக் கட்டலாம். அதற்கென்று கூடுதல் செலவு ஒன்றும் இல்லை. வயதானவர் இருக்கும் வீட்டில் உட்கார்ந்து தேங்காய் திருவவும் உள்ளி உரிக்கவும் ஒரு தாழ்ந்த மேடையும் குரண்டியும் இருக்கட்டும். எல்லா வேலையையும் நின்றுதான் செய்ய வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

தண்ணீரும் மீனும்

குளச்சல் முதல் மணக்குடி வரை கடலோர ஊர்களிலும், அங்கிருந்து மீன் போகும் உட்பகுதி ஊர்களிலும், மீன் கழுவும் இடமே அடுக்களையின் சுகாதாரத்தைத் தீர்மானிக்கிறது. உள்ளே இருக்கும் ஒரே தொட்டியில் மீனும் கீரையும் பாத்திரமும் கழுவினால் நாற்றம் போகாது, குழாயும் அடைக்கும். புறக்கடையில் இடுப்பு உயரத்தில் ஒரு கடப்பாக் கல், அதன்மேல் ஒரு குழாய், கீழே செதில் தங்க ஒரு வலை என்று அமைத்துவிட்டால் குனிந்து உட்கார்ந்து மீன் வெட்டும் சிரமமும் தீரும், உள்ளே நாற்றமும் வராது. கழுவிய நீரைத் தேங்க விடாமல் வாழைமூட்டுக்கோ தென்னைமூட்டுக்கோ திருப்பலாம்.

மீன்கழிவுக்கும் கஞ்சித்தண்ணீருக்கும் இந்த மாவட்டத்திலேயே ஒரு வழி உருவாகியிருக்கிறது. கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வள அபிவிருத்தித் திட்டம், 'சக்தி சுரபி' என்ற பெயரில் வீட்டுக் கழிவில் இயங்கும் சாண எரிவாயுக் கலனைப் பரப்பிவருகிறது. ஒரு கன மீட்டர் சாண எரிவாயு ஏறத்தாழ 0.45 கிலோ சமையல் எரிவாயுவுக்கு ஈடு. தொடக்கச் செலவு சிறியதல்ல. எனவே இதைச் சிறு புதுப்பித்தலில் சேர்க்க முடியாது. புறக்கடையும் ஆள்பலமும் உள்ள குடும்பங்கள் இரண்டாம் கட்டமாக யோசிக்கலாம்.

ஈரக்காற்றில் எது நிற்கும்?

அதிகம் ஏமாற்றம் நேர்வது அலமாரிகளில்தான். மரத்தூளை அழுத்திச் செய்த பலகைகள் கடையில் பளபளப்பாக இருக்கும். ஈரம் இறங்கியதும் ஓரம் உப்பி, ஆணி பிடிக்காமல், கதவு தொங்கிவிடும். பிளைவுட் வாங்கினாலும் எம்.ஆர். வகை தொட்டிக்கு அருகில் ஆகாது. ஐஎஸ் 303 தரத்தில் பி.டபிள்யூ.ஆர். வகையோ, ஐஎஸ் 710 என்ற மரைன் வகையோதான் தாங்கும். முத்திரையைப் பார்த்து வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் ரப்பர் விளையும் முதன்மை மாவட்டம் இது என்பதால் ரப்பர் மரம் மலிவாகக் கிடைக்கும். ஆனால் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் ஏற்றிப் பதப்படுத்தாத ரப்பர் பலகையில் விரைவிலேயே பூஞ்சையும் வண்டும் ஏறும்.

மலிவான, நம்பகமான வழி திறந்த அடுக்கு. கடப்பாக் கல்லிலோ ஒரு அங்குல ஃபெரோசிமென்ட் பலகையிலோ சுவரில் தட்டுகள் பதித்துவிட்டால் கரையானும் இல்லை, ஈரமும் ஒன்றும் செய்யாது. திறந்த தட்டில் தூசி படியும் என்பது நியாயமான மறுப்பு. தினமும் புழங்கும் பாத்திரத்தில் தூசி படிய நேரமிருக்காது. அரிதாக எடுப்பவற்றுக்கு மட்டும் அலுமினியச் சட்டக் கதவு போட்டால் போதும். கடலோரத்தில் கொக்கி, கைப்பிடி, கீல் எல்லாம் துருப்பிடிக்கும். 202 வகை எஃகைத் தவிர்த்து 304 வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

சுவருக்கு வருவோம். தரையிலிருந்து ஏறும் ஈரத்தையோ மேலிருந்து ஒழுகுவதையோ சரிசெய்யாமல் பூசும் எந்தப் பெயின்டும் அடுத்த மழையில் உரியும். காரத்தன்மை மிகுந்த சிப்பிச் சுண்ணாம்பு பூஞ்சையை அண்ட விடாது. ஆண்டுதோறும் வெள்ளை அடிக்கும் பழைய வழக்கத்தின் பயன் அதுதான். எமல்ஷன் பூசிய சுவரில் சுண்ணாம்பு ஒட்டாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அடுப்புக்குப் பின்னால் இரண்டடி உயரத்துக்கு மட்டும் ஓடு ஒட்டினால் போதும். அந்தச் சிறு பரப்புக்கு ஓட்டுக் கடைகளில் மீந்துகிடக்கும் பெட்டிகளே கிடைக்கும். பழைய ஓடுகள் நன்றாக இருந்தால் கறுத்துப்போன இடைவெளிகளைச் சுரண்டி எபாக்ஸி நிரப்பினாலே சுவர் புதிதாகிவிடும்.

விறகடுப்பை என்ன செய்வது?

புதுப்பிக்கும்போது முதலில் இடிபடுவது விறகடுப்பு. புகையால் வரும் கேட்டை யாரும் மறுக்க முடியாது. 2020இல் மட்டும் வீட்டுப் புகையால் உலகில் ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அதனால் புகை சூழ்ந்த அடுப்பை அப்படியே வைத்திருக்கச் சொல்ல முடியாது. எனினும் தென்னந்தோப்புள்ள வீட்டில் கதம்பையும் சிரட்டையும் காசில்லாத எரிபொருள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வீசியபின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல், மின் அடுப்பும் மிக்சியும் கிரைண்டரும் முடங்கியதையும் இந்த மாவட்டம் மறக்கவில்லை.

புகையில்லா அடுப்புக்கான முயற்சி நம் நாட்டில் பழையது. எஸ். பி. ராஜு ஹைதராபாத்தில் வடிவமைத்த புகைப்போக்கி அடுப்பைப் பற்றிய நூல் 1953இல் சென்னையில் வெளியானது. 1980களில் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் பரப்பிய 'பரிஷத் அடுப்பு' அண்டை மாநிலத்தின் அடுக்களைகளில் பரவலாக இடம்பிடித்தது. அதே அமைப்பு பரப்பிய சூடாறாப்பெட்டி இன்னும் எளியது. அரிசியைச் சிறிது நேரம் கொதிக்கவைத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினால் மிச்சத்தைச் சூடே வேகவைத்துவிடும். வேக நேரம் பிடிக்கும் சம்பா அரிசிக்கு இது பெரிய மிச்சம். ஆகவே விறகடுப்பைப் புகைப்போக்கியோடு சாய்ப்பில் ஒரு ஓரமாக வைத்துக்கொள்வதே சரி. வெந்நீருக்கும் அவித்தெடுக்கும் வேலைக்கும் அது உதவும்.

வாடகை வீட்டில்

2019இல் மாநகராட்சியான நாகர்கோவிலிலும், மார்த்தாண்டம், தக்கலையிலும் வாடகைக்குக் குடியிருப்போர் பலர். சுவரில் துளையிட உரிமையாளர் சம்மதிக்கமாட்டார். அவர்களுக்குத் தரையில் நிற்கும் எஃகு அடுக்கு, சன்னல் கம்பியில் மாட்டும் கொக்கிகள், ஒட்டும் எல்இடி பட்டை, கால்பலகை ஆகிய நான்கும் போதும். போகும்போது கையோடு எடுத்துப் போகலாம். உப்பு, புளி, ஊறுகாய்க்குச் சுங்கான்கடை மண்பாண்டமும் பீங்கான் பரணியும் வைத்துக்கொண்டால் பிளாஸ்டிக் டப்பாக்கள் பாதி குறையும், அடுக்களைக்கும் நம் ஊர்க் களை வரும்.

முடிபு

மேற்கண்டவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை தெளிவாகிறது. அடுக்களையில் மிக அதிகப் பயன் தரும் மாற்றங்களே மிகக் குறைந்த செலவில் முடிகின்றன. விளக்கை இடம் மாற்றுவது, அடைத்த சன்னலைத் திறப்பது, மிக்சியை அடுப்புக்கு அருகே கொண்டுவருவது, கால்பலகை போடுவது, புறக்கடையில் ஒரு குழாயும் கல்லும் வைப்பது எல்லாம் கொத்தனாரும் எலெக்ட்ரீஷியனும் பிளம்பரும் ஆளுக்கு ஒரு நாள் வந்தால் முடிகிற வேலைகள். இவற்றை முடித்த பிறகு கையில் பணம் மிஞ்சினால் அலமாரிக்கும் நிறத்துக்கும் செலவழிக்கலாம். வரிசையைத் தலைகீழாக்கினால் பணம் தீர்ந்த பின்னும் முதுகுவலி தீராது.

ஆகவே வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடைக்குப் போய் நிறம் தேர்ந்தெடுக்கும் முன், அங்கே தினமும் நிற்கும் அம்மாவிடமோ மனைவியிடமோ மருமகளிடமோ எங்கே வலிக்கிறது, எது எட்டவில்லை, எங்கே இருட்டாக இருக்கிறது என்று கேளுங்கள். ஒரு வேளைச் சமையலை நீங்களே அந்த இடத்தில் நின்று செய்து பாருங்கள். செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் அன்றைக்கே கிடைத்துவிடும்.